வீரமாமுனிவர் வைத்துப்போன சாசனம்



நம் திருத்தணி வீரட்டானேசுவரர் ஆலயத்தை அறியாதார் இல்லை. பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில், அதாவது ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன், நம்பி அப்பி என்பவர் அதைக் கல்லால் எடுப்பித்தார் என்று அங்குள்ள சாசனம் சொல்லுகிறது. கல்லிலே பொறித்து வைத்தபடியால் அந்தப் பெயர் இன்றும் மறையவில்லை. அப்படியானால், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு நம் ஞான முன்னோர் வைத்துப்போன சாசனம் எங்கே இருக்கிறது? இதற்கு மறுமொழியாக ஒரு குருவானவரின் சரித்திரத்தைச் சொல்லுவோம்.

இத்தாலி தேசத்தில் காஸ்திலியோனே என்று ஒரு சிற்றூர் உண்டு. அர்ச்சியசிஷ்ட ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அதுவே. அவ்வூரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி பிறந்தார். 1698இல் சேசுசபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் கப்பலேறி 1710இல் கோவாவில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டே மதுரை மிஷனைச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓரெழுத்தும் அறியார்.

அவர் என்ன செய்தார்? குழந்தையைப் போலத் தமிழ்ப் புலவர்களிடம் பாடம் கேட்டார். காவியுடுத்தி, மரக்கறி உணவு உண்டு, இந்நாட்டுத் துறவியரைப் போல வாழ்ந்தார். தைரியநாதர் என்று முதலில் பெயர் பூண்டவரை, பிற்காலத்தார் வீரமாமுனிவர் என்று போற்றினார்கள்.

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் பெரியநாயகி மாதாவுக்கு ஆலயம் கட்டினார். அங்கே தேவமாதா சேலையுடுத்திய தமிழ்த் தாயாகத் திருப்பாலனைக் கையில் ஏந்தி நிற்கிறாள். கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். தமது ராஜபிளவை நோய் நீங்கியதற்கு நன்றியாக அரியலூர் மழவராயர் அந்த ஆலயத்துக்கு நிலம் வழங்கினார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அர்ச்சியசிஷ்ட சூசையப்பரின் சரித்திரத்தை அவர் தேம்பாவணி என்னும் காவியமாக 3,615 பாடல்களில் பாடினார். அது நிறைவெய்திய ஆண்டு 1726. உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1732இல் சதுரகராதி தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். சிறுவர் முதல் பெரியோர் வரை சிரித்து மகிழும் பரமார்த்த குரு கதையும் அவர் எழுதியதே.

இவை எல்லாவற்றையும்விட நம் வீட்டுக்குள் வந்திருக்கும் சாசனம் ஒன்று உண்டு. அக்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைப்பது மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று எழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். ஆகவே நெருப்பாகிய எரியும், நீர் நிறைந்த ஏரியும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவன் இடம் நோக்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். முனிவர் நெட்டெழுத்துகளுக்குத் தனி வடிவம் கொடுத்து இக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நம் பிள்ளை சிலேட்டிலே ஏணி என்றும் ஓடம் என்றும் எழுதும்போது, அதன் விரலை நடத்துவது அந்தக் குருவானவரின் கை அல்லவா?

அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1747இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் உயிர் நீத்தார். 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

பங்கு மக்களே! வீரமாமுனிவர் கட்டிய ஆலயங்கள் பெருநகரங்களில் இல்லை, சிற்றூர்களில் இருக்கின்றன. அவற்றைக் காத்து வந்தவர்கள் அரசரல்லர். அங்குள்ள ஏழைக் குடியானவர்கள். அவர்கள் அசட்டையாக இருந்திருந்தால் அந்த அடையாளங்கள் என்றைக்கோ மண்ணாகியிருக்கும். இன்றோ, புதுக் கோவில் கட்டும் உற்சாகத்தில் பழைய மணியை உருக்கக் கொடுப்பதும், கல்லறைக் கற்களைப் படிக்கட்டாகப் போடுவதும், ஞானஸ்நானப் புத்தகத்தைக் கறையானுக்கு விடுவதும் பல ஊர்களில் நடக்கக் காண்கிறோம். இடித்தபின் அழுது பயனென்ன? ஞானஸ்நானப் புத்தகத்தின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் சாசனம். அது போனால் திரும்ப வராது.

ஆகையால் ஒவ்வொரு வீட்டாரும் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், எந்த ஊரில், எந்தக் குருவானவர் கையால் பெற்றார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தமிழோ தெலுங்கோ, அவர்கள் பேசுகிற பாஷையிலேயே கேட்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இரண்டும் சொந்தந்தானே! பெரியவர்கள் கண்மூடினால் அந்தச் செய்தியும் அவர்களோடு கல்லறைக்குப் போய்விடும்.

கடல் கடந்து வந்தவர் நமக்காக இவ்வளவு வைத்துப் போனார். இருப்பதைக் காப்பாற்றுகிற நல்ல மனதைச் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக.