வந்தியத்தேவனுக்கு முன்பே சிரிக்க வைத்தவர்: கல்கி நகைச்சுவை எழுத்தாளர் ஆன கதை

'பொன்னியின் செல்வன்' படத்தில் ஜெயராம் வரும் காட்சிகளுக்கெல்லாம் தியேட்டரில் சிரிப்பு கேட்டது நினைவிருக்கிறதா? அந்த ஆழ்வார்க்கடியானை நாவலில் படித்தவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். சோழர் கதைக்கு நடுவே குடுமியும் தடியுமாக சண்டைக்கு நிற்கும் ஒரு வைணவரை இறக்கிவிட எங்கிருந்து தோன்றியது? கல்கிக்கு அது புதுசு இல்லை. சரித்திர நாவலாசிரியராகப் பேர் வாங்கும் முன்பே, தமிழ்நாட்டில் அவர் பேர் வாங்கியது நகைச்சுவைக் கட்டுரைகளில்தான்.

ரா.கிருஷ்ணமூர்த்தி 1899-ல் மயிலாடுதுறைப் பக்கம் புத்தமங்கலம் என்ற கிராமத்தில் பிறந்தவர். திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுகூட எழுதாமல் பள்ளியை விட்டு வெளியேறினார். அடுத்த வருஷம் ஒரு வருட சிறை. வெளியே வந்தபோது கையில் சர்டிபிகேட் இல்லை, வேலை இல்லை, வசதியான குடும்பமும் இல்லை. எழுத வரும், மேடையில் பேச வரும். இருந்த முதலீடு அவ்வளவுதான்.

1923-ல் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். திரு.வி.க.வின் நடை கம்பீரமானது, அதில் கிண்டலுக்கு இடம் குறைவு. ஆனால் நல்ல பயிற்சி அங்கேதான் கிடைத்தது. காந்தியின் சுயசரிதையைத் தமிழில் மொழிபெயர்த்தது அந்தக் காலத்தில்தான். காந்தியின் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, சுற்றி வளைக்காமல் இருக்கும். அதை வாரா வாரம் தமிழில் சொல்லிப் பழகியவருக்கு அலங்கார நடை மேல் ஆசை போயிருந்தால் ஆச்சரியமில்லை. பின்னாளில் அவரது கிண்டல் எடுபட்டதற்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம். பந்தலே ஆடம்பரமாக இருந்தால் ஜோக் காதில் விழாது.

தபாலில் போன கட்டுரை

'ஆனந்த விகடன்' 1926-ல் தொடங்கப்பட்ட பத்திரிகை. 1928-ல் எஸ்.எஸ்.வாசன் அதை வாங்கினார். அந்த வருஷமே 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரையை கிருஷ்ணமூர்த்தி விகடனுக்கு அனுப்பினார். வாசனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கட்டுரை வெளியானது, அடுத்தடுத்து எழுதச் சொல்லிக் கேட்டார்.

உடனே விகடனில் போய் உட்கார்ந்துவிடவில்லை. நவசக்தியை விட்டவர், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போய் ராஜாஜியோடு சேர்ந்தார். 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை நடத்துவது வேலை. யோசித்துப் பாருங்கள், ஒரு பத்திரிகை முழுக்க குடிக்காதே என்று மட்டும் சொல்ல வேண்டும். உபதேசம் செய்தால் யார் படிப்பார்கள்? அதனால் கதையாகச் சொன்னார். பிரசாரத்தை வாசகர் கொட்டாவி விடாமல் கேட்கும்படி எழுதுவது எப்படி என்று கற்றுக்கொண்ட இடம் அதுதான். பத்து இதழ்களோடு விமோசனம் நின்றது. 1930-ல் மறுபடியும் சிறை.

1931-ல் விகடனுக்கு ஆசிரியராக வந்த பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. 'கல்கி' என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. கல்யாணசுந்தரனாரின் 'கல்', கிருஷ்ணமூர்த்தியின் 'கி' என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இது தவிர வேறு பல புனைபெயர்களும் உண்டு. 'ஆடல் பாடல்' பகுதியில் சங்கீத விமர்சனம் எழுத அவர் வைத்துக்கொண்ட பெயர் 'கர்நாடகம்'. கர்நாடக சங்கீதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பேச்சு வழக்கில் சொல்லும் பழம்பஞ்சாங்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்திலேயே ஒரு சிரிப்பு! சங்கீதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று இருந்த விமர்சனத்தை, கச்சேரிக்கே போகாதவரும் ரசித்துப் படிக்கிற சமாச்சாரமாக்கியது இந்தக் 'கர்நாடகம்'தான்.

அவர் எழுத்தில் வாசகர் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். முதலில் தன்னையே கிண்டலடித்துக்கொள்வார், பிறகுதான் அடுத்தவரிடம் போவார். மாலியின் கேலிச்சித்திரங்களும் சேர்ந்துகொள்ள, விகடன் என்றாலே சிரிப்பு என்றானது. தான் கட்டுரை அனுப்பி உள்ளே வந்தது போலவே எழுதி அனுப்பிய ஒரு இளைஞரையும் விகடனுக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் 'துப்பறியும் சாம்பு' எழுதிய தேவன்தான் அவர்.

கத்தி இரண்டு பக்கமும் வெட்டியது

கிண்டலுக்கு விலையும் உண்டு. 1930-களில் பாரதி மகாகவியா இல்லையா என்று ஒரு பெரிய சண்டை. பாரதி தேசிய கவி, சரி, உலக மகாகவிகள் வரிசையில் வைக்க முடியுமா என்று கல்கி கேட்டார். வ.ரா. எதிர்த்து நின்றார். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து 'கண்ணன் என் கவி' என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். மணிக்கொடி எழுத்தாளர்களுக்கு அவர் மேல் வேறு கோபங்களும் இருந்தன. வெளிநாட்டுக் கதைகளைத் தழுவி எழுதுகிறார் என்று புதுமைப்பித்தன் வெளிப்படையாகத் தாக்கினார். அந்தக் குற்றச்சாட்டை இன்றைக்கும் இலக்கிய விமர்சகர்கள் விடுவதாக இல்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை. பாரதி விஷயத்திலோ, எட்டயபுரத்தில் மணிமண்டபம் கட்ட வாசகர்களிடம் நிதி கேட்டு ஓடியாடியதும் இதே கல்கிதான். அது 1947-ல் திறக்கப்பட்டது.

பெரிய சோதனை 1940-ன் கடைசியில் வந்தது. காந்தி தனிநபர் சத்தியாகிரகம் அறிவித்தார். கல்கி கலந்துகொள்ள விரும்பினார், வாசன் சம்மதிக்கவில்லை. நாட்டிலேயே பேர் பெற்ற பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலி, மாதச் சம்பளம், வீட்டில் மனைவி, குழந்தைகள். ராஜினாமா செய்துவிட்டு மூன்று மாதம் சிறைக்குப் போனார். வாரா வாரம் ஊரைச் சிரிக்க வைத்தவர் சிரித்துச் சமாளித்துவிட முடியாத இடம் அது.

திரும்பி வந்தபோது வேலை இல்லை. நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்ட் 1-ல் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான பணம், எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து வாங்கிய சம்பளத்திலிருந்து வந்தது. புனைபெயரே பத்திரிகையின் பெயராயிற்று. இப்போது எழுதுபவரும் அவரே, ஆசிரியரும் அவரே. வாரா வாரம் வாசகரைப் பிடித்து வைக்க 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' என்று தொடர்கதைகள் வந்தன. 1950-ல் 'பொன்னியின் செல்வன்' ஆரம்பித்தது. வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் போகிற வந்தியத்தேவனுக்கு, கொஞ்ச தூரத்திலேயே ஆழ்வார்க்கடியானின் சண்டையைக் காட்டிவிட்டார். சுமார் மூன்றரை ஆண்டுகள் ஓடி 1954-ல் தொடர் முடிந்தது. அந்த வருஷம் டிசம்பர் 5-ம் தேதி கல்கி காலமானார், வயது 55. அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி முடித்தார்.