23 வயதில் ஓய்ந்த குரல்: 'ஜாய் டிவிஷன்' பாடகர் இயன் கர்ட்டிஸ்

புதுதில்லி, மே 18: இங்கிலாந்தின் 'ஜாய் டிவிஷன்' இசைக்குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான இயன் கர்ட்டிஸ், 1980-ஆம் ஆண்டு இதே நாளில் தமது 23-ஆம் வயதில் மறைந்தார். இரண்டரை ஆண்டுகள்கூட அப்பெயரில் இயங்காத அக்குழு, 'போஸ்ட்-பங்க்' இசையின் முன்னோடிகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது.

1956-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று பிறந்த கர்ட்டிஸ், மான்செஸ்டரை அடுத்த மேக்கிள்ஸ்ஃபீல்டில் வளர்ந்தார். 1976-இல் மான்செஸ்டரில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழு நடத்திய நிகழ்ச்சியைக் கண்டு எழுச்சியுற்ற பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக் ஆகியோருடன் இணைந்தார். 'வார்சா' எனத் தொடங்கிய குழுவில் பின்னர் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீபன் மோரிஸ் சேர்ந்தார். 1978-இல் குழுவின் பெயர் 'ஜாய் டிவிஷன்' என மாறியது.

அக்காலத்தில் கர்ட்டிஸ், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் அரசுப் பணியில் இருந்தார். அங்கு வேலை நாடி வந்த இளம்பெண் ஒருவர் வலிப்பு நோயால் அவதியுற்றதும், பின்னர் இறந்ததும் அவரை உலுக்கின. 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாடல் அவ்வாறு பிறந்தது. அதே நோய் விரைவில் அவரையும் பற்றியது. 1978 டிசம்பர் இறுதியில், லண்டனில் நடந்த முதல் நிகழ்ச்சியிலிருந்து காரில் திரும்புகையில் வலிப்பு கண்டது. 1979 ஜனவரியில் நோய் உறுதிசெய்யப்பட்டது.

1979 ஜூனில் ஃபேக்டரி நிறுவனம் 'அன்னோன் பிளெஷர்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. பல்சார் விண்மீனின் ரேடியோ துடிப்புகளைக் கோடுகளாகக் காட்டிய அதன் அட்டைப்படம், பின்னாளில் உலகெங்கும் சட்டைகளில் இடம்பெற்றது.

புகழ் கூடியபோது நிகழ்ச்சிகளும் பெருகின, ஓய்வு குறைந்தது. கைகளை உதறி அவர் ஆடும் நடனம் எங்கே முடிந்தது, வலிப்பு எங்கே தொடங்கியது என்பதைப் பார்வையாளர்களால் பிரித்தறிய இயலவில்லை. மருந்துகளின் பக்கவிளைவும் மணவாழ்வில் ஏற்பட்ட விரிசலும் மனச்சோர்வை ஆழமாக்கின. 1980 ஏப்ரல் தொடக்கத்தில் உயிராபத்தான நிலையில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட அவர், ஓரிரு நாளிலேயே பரி நகர மேடைக்கு அழைத்து வரப்பட்டார். சில பாடல்களுக்கு மேல் அவரால் பாட இயலாததால், அந்நிகழ்ச்சி கலவரத்தில் முடிந்தது. மே 2 அன்று பர்மிங்காமில் இறுதியாகப் பாடினார். முதல் அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த வேளையில் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவியும் ஒரு வயதுப் பெண் குழந்தையும் அவருக்கு இருந்தனர்.

அவர் மறைந்த பின்னரே 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாடல் பிரிட்டன் தரவரிசையில் 13-ஆம் இடத்தையும், ஜூலையில் வெளியான 'குளோசர்' தொகுப்பு 6-ஆம் இடத்தையும் எட்டின. எஞ்சிய மூவரும் பழைய பெயரைக் கைவிட்டு, 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் இசைப் பயணத்தைத் தொடர்ந்தனர்.

(மன உளைச்சலில் தவிப்போர், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் நாடலாம்.)