ஒளியறிஞர் பிரெனெல்

தளவாடியின் முன் ஊசிகளை நட்டு, விம்பம் நிற்கும் இடத்தைத் தேடிக் காண்பது மாணவர் ஆய்கூடத்தில் முதன்முதலாகச் செய்யும் பரிசோதனைகளுள் ஒன்று. படுகோணமும் தெறிகோணமும் சமம். பொருள் ஆடிக்கு முன்னே எவ்வளவு தூரமோ விம்பம் பின்னே அவ்வளவு தூரம். ஒளிக்கதிர் எதுவும் ஆடிக்குப் பின்னே செல்வதில்லையாதலின் அது மாயவிம்பம் எனப்படும். பரீட்சைக்கென இதனை மனனஞ் செய்து பின் மறந்துவிடுவோர் பலர். அத்தகைய மாயவிம்பங்கள் இரண்டைக் கொண்டே, ஒளி யாது என்னும் பெருவழக்கைத் தீர்க்க முற்பட்டார் பிரான்சு தேசத்து எந்திரி ஒகுஸ்தென் பிரெனெல்.

இவர் 1788ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் நோர்மண்டியிலுள்ள புரோக்லி என்னும் ஊரிற் பிறந்தார். நோயுற்ற உடலினர், எட்டு வயதாகியும் செவ்வையாக வாசிக்க அறியாதவர். எனினும் கணிதத்தில் வல்லவராகி, 1804இற் பாரிசின் பல்தொழிற் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் அரசாங்கத்தின் வீதியமைக்கும் பகுதியிற் பல்லாண்டு பணிபுரிந்தார்.

1815இல் நெப்போலியன் எல்பாத் தீவினின்று மீண்டபோது, இவர் மன்னர் பக்கம் நின்றார். அதனால் உத்தியோகம் பறிபோயிற்று. பொலிசாரின் கண்காணிப்புக்குள்ளாகித் தாயாருடன் மத்தியூ என்னும் கிராமத்திற் சென்று தங்கினார். வேலையிழந்தது அவருக்கு நட்டமே. ஒளியியலுக்கோ பெரும் பேறு. ஆங்கு ஆய்கூடமில்லை. சிறு துவாரத்திலிட்ட தேன்துளியே வில்லையாயிற்று. நுண்ணளவுக் கருவியைச் செய்துதவியவன் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி. நிழல்களின் ஓரத்தே தோன்றும் வரிகளை இவற்றைக் கொண்டே அளந்தார்.

ஒளி நுண்ணிய துணிக்கைகளின் ஓட்டம் என்பது நியூட்டன் வழிவந்தோர் கொள்கை. அஃது அலையென்று இங்கிலாந்தில் யங் முன்னரே காட்டியிருந்தார். ஆயினும் துவாரத்தின் விளிம்பு துணிக்கைகளை இழுத்துத் திருப்புவதாலேயே வரிகள் உண்டாகின்றன என எதிர்த்தரப்பார் தட்டிக்கழித்தனர். விளிம்பே குறுக்கிடாத பரிசோதனை வேண்டியதாயிற்று.

1816இற் பிரெனெல் இரு தளவாடிகளை ஏறக்குறைய ஒரே தளத்தில், மிகச் சிறிதே சாய்த்துப் பொருத்தி வைத்தார். முன்னிருந்த ஒரே ஒளிப்புள்ளிக்கு ஆடிக்கொன்றாக இரு விம்பங்கள் அருகருகே தோன்றின. இரண்டும் ஒரே மூலத்தின் விம்பங்களாதலின் அவற்றினின்று வருவன போன்ற ஒளியலைகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும். அவை கலந்த இடத்தில் ஒளிவரியும் இருள்வரியும் மாறி மாறித் தோன்றின. முடியும் முடியும் கூடினால் ஒளி. முடியும் தாழியும் கூடினால் இருள். ஓர் ஆடியை மறைத்தவுடன் வரிகள் மறைந்தன. இருண்ட இடத்திலும் ஒளி படர்ந்தது. ஒளியோடு ஒளி சேர்ந்து இருளாவதைத் துணிக்கைக் கொள்கையார் எங்ஙனம் விளக்குவர்?

1819இற் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் இவரது கட்டுரைக்குப் பரிசளித்தது. நடுவருள் ஒருவராகிய புவசோன், இக்கொள்கை மெய்யாயின் வட்டத்தட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்றவேண்டுமே எனக் கணித்தார். கொள்கையை வீழ்த்தவே இதனை எடுத்துக்காட்டினார். நண்பர் அராகோ சோதித்துப் பார்த்தார். புள்ளி இருந்தது!

அவ்வாண்டே வெளிச்சவீடுகளைத் திருத்தும் பணி இவரிடம் வந்தது. படிபடியாக வெட்டிய வளையங்களாலான வில்லையொன்றை ஆக்கினார். 1823இற் கோர்துவான் வெளிச்சவீட்டில் அது ஏற்றப்பட்டது. மேல்நோக்கிச் சென்று வீணாகும் ஒளியைக் கடற்பக்கம் திருப்ப, ஆங்கும் தளவாடிகளையே சாய்த்து வைத்தாரென்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

காசநோய் அவரை விடவில்லை. இலண்டன் வேத்தியற் கழகம் வழங்கிய ரம்போட் பதக்கத்தை அராகோ கொணர்ந்தபோது பிரெனெல் மரணப்படுக்கையிற் கிடந்தார். 1827ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். வெளிச்சவீட்டுப் பணியைத் தம்பி லெயோனோர் தொடர்ந்து நடத்தினார்.