காயிதே மில்லத் அவர்களை நினைவுகூர்வோம்

கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு அவர்கள் 1896 ஜூன் 5-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்துக்காகக் கல்லூரிப் படிப்பையே துறந்தார்கள்.

1947-ல் நாடு பிரிந்தபோது, முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுவதே நலமென்று பலரும் எண்ணினார்கள். அன்னார் கலங்கவில்லை. 1948 மார்ச் 10-ல் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைமையை ஏற்றார்கள். அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையோருக்காக வாதாடினார்கள். மலையாளம் பேசும் மஞ்சேரி மக்கள் இத்தமிழரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1972 ஏப்ரல் 5-ல் வபாத்தான அன்னார், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிழைக்கும் நமக்கும் அன்னாரின் வாழ்வு ஒரு பாடம்: அஞ்சி ஒதுங்காதீர், வாழும் நாட்டுக்கு விசுவாசமாயிருந்து, உரிமையை நிதானமாய்க் கேளுங்கள். அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளியாக்குவானாக, ஆமீன்.