கணக்கு வராத மேதை!

மெஷின்ஸ் லேப் வைவாவில் ஃபாரடே விதியைக் கேட்டால் மடமடவென்று ஒப்பித்துவிடுவோம். அந்த ஃபாரடேக்கு நம்ம கணக்குப் பேப்பரில் வரும் டிஃபரன்ஷியேஷன்கூடத் தெரியாது என்றால் நம்புவீர்களா? எம்-டூவில் அரியர் வைத்திருக்கும் நான் முதலில் நம்பவில்லை.

மைக்கேல் ஃபாரடே 1791ல் லண்டனை ஒட்டிய நியூயிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்துவிடுவார். எழுதப் படிக்கவும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் வந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில் ரீபோ என்பவரிடம் புத்தக பைண்டிங் வேலை கற்கச் சேர்ந்தார். ஏழு வருஷம். தைக்க வந்த புத்தகங்களை நம்ம ஆள் படித்தும் விட்டார்.

1812ல் கடைக்கு வந்து போகும் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ஃப்ரி டேவி பேசும் கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். கேட்டதையெல்லாம் படத்தோடு எழுதி, தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங். அதே வருஷம் டேவியோடு ஐரோப்பா போனபோது எடுபிடி வேலையும் அவர் தலையில்தான். டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்களோடுதான் சாப்பிட வைத்தார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மேலே படிக்க மனசு வரவில்லை. 1824ல் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆவதை எதிர்த்தவரும் அதே டேவிதான். ஆனாலும் தேர்வாகிவிட்டார்.

1831 ஆகஸ்ட் 29. ஒரு இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு பக்கம் பேட்டரி கொடுத்தார். மறுபக்கம் முள் ஆடியது, உடனே நின்றது. பேட்டரியை எடுத்ததும் மறுபடி ஆடியது. ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் அல்ல, மாறுகிற கரண்ட்தான் காரணம் என்று பிடித்துவிட்டார். நம்ம டிரான்ஸ்ஃபார்மரின் முப்பாட்டன் அந்த வளையம்தான்.

காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூள் தூவினால் வருமே கோடுகள், அவை வெறும் படமல்ல, அந்த இடத்தில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்றார். கணிதம் படித்த பெரியவர்கள் கேட்கவில்லை. சோதனையில் கெட்டிக்காரர், ஆனால் சமன்பாடு எங்கே என்றார்கள். மார்க்கைப் பார்த்து மூளையை அளக்கிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது போலும்! ராயல் வானியலாளர் ஏரி 1855ல்கூட அந்தக் கோடுகளைத் தெளிவில்லாத சங்கதி என்று ஒதுக்கினார்.

அதே வருஷ டிசம்பரில், கேம்பிரிட்ஜில், 24 வயது மேக்ஸ்வெல் அந்தக் கோடுகளைப் பற்றியே கட்டுரை வாசித்தார். கணக்கில் புலி அவர். வளையம் சுற்றிய 1831ல்தான் பிறந்தவர். ஃபாரடே யோசித்த முறையே கணிதம்தான், குறியீடு மட்டும்தான் இல்லை என்று பிற்பாடு எழுதியவரும் அவரே.

மேக்ஸ்வெல் அனுப்பிய கட்டுரையில் இருந்த கணிதத்தைப் பார்த்து ஃபாரடே முதலில் பயந்தே போனாராம். 1857ல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதக்காரர்கள் தாங்கள் கண்ட முடிவைச் சாதாரண பேச்சிலும் எழுதக் கூடாதா, எழுதினால் என்னைப் போன்றவர்களும் அதை வைத்துச் சோதனை செய்து பார்ப்போமே என்று கேட்டார். அப்போது அவருக்கு வயது 66.