ஜான் ஆலனின் சிறு புகைவண்டிப் பாதை

அமெரிக்க நாட்டின் மேற்கு ஓரத்தில், கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் பெருங்கடலை நோக்கி நிற்கும் பழைய ஊர் மாண்டெரே. அவ்வூரில் ஒரு வீட்டின் நிலவறைக்குள் மலைகள் எழுந்து நின்றன. அவை தரையிலே தோன்றிக் கூரையைத் தொட்டன. மலைச்சரிவுகளில் பாறைகள் பிளந்து கிடந்தன. பள்ளத்தாக்குகளின் குறுக்கே பாலங்கள் நீண்டன. அப்பாலங்களின்மேல் விரல் நீளமே உள்ள பெட்டிகளை இழுத்துக்கொண்டு புகைவண்டிகள் ஓடின. இவற்றையெல்லாம் ஆக்கியவர் ஜான் விட்பி ஆலன் என்பார். சிறு புகைவண்டிப் பாதைகளை வீட்டில் அமைத்து மகிழ்வோர் உலகெங்கும் உளர். அவர்களுள் ஆலனின் பெயரை அறியாதார் அரியர்.

ஆலன் 1913-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள், மிசௌரி மாநிலத்திலுள்ள ஜாப்லின் என்னும் ஊரிற் பிறந்தார். புகைப்படம் எடுத்தலே அவர் தொழில். ஒளி எப்பக்கத்திலிருந்து விழுந்தால் ஒரு பொருள் உயிர்பெற்று நிற்கும், நிழல் எவ்வளவு நீண்டால் மாலை நேரம் என்று கண் நம்பும் என்பனவற்றை அவர் அத்தொழிலிற் கற்றார். பிற்காலத்தில் அவர் புகழுக்கு அடிப்படையாய் நின்றது இக்கல்வியே எனலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டில் அவர் மாண்டெரேயில் வந்து குடியேறினார். அங்கேதான் தம் முதற் பாதையை அமைக்கத் தொடங்கினார்.

அம்முதற் பாதை மிகச் சிறியது. ஒருவர் படுத்துறங்கும் கட்டிலளவு பலகைமேல் அடங்கியது. உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்கு என்னும் அளவில் அதன் பொருள்கள் யாவும் செய்யப்பட்டன. அவ்வளவின்படி ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் முக்கால் அங்குலமே உயர்ந்து நிற்பான். 40 அடி நீளமுள்ள சரக்குப் பெட்டி ஐந்தரை அங்குலமாய்ச் சுருங்கும். இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16½ மில்லிமீட்டரே இருக்கும். இத்துணைச் சிறிய பாதைக்கு அவர் இட்ட பெயர் கோர் அண்டு டாஃபெட்டிட் என்பது. பெயர் ஏதோ இரண்டு ஊர்களைக் குறிப்பதுபோலத் தோன்றும். வாய்விட்டு விரைவாகச் சொன்னாலோ, குருதி சொரிந்து தோற்றுப்போனது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் செவியில் விழும். தம் இருப்புப்பாதைக்குத் தோல்வியையே பெயராகச் சூட்டி நகைத்தவர் இவர் ஒருவரே போலும்!

இச்சிறு பாதையிலும் ஆலனின் தனித்தன்மை விளங்கியது. அக்காலத்தில் இத்தகைய வண்டிகளைச் செய்தோர் பலர் அவற்றைக் கடையிலிருந்து அன்று வாங்கியவைபோலப் பளபளப்பாகவே வைத்திருந்தனர். உண்மையான புகைவண்டி அவ்வாறு இருப்பதில்லை. கரியும் புழுதியும் அதன்மேற் படிகின்றன, மழைநீர் வழிந்த இடங்களிற் கறை நிற்கின்றது, இரும்பு துருவேறுகின்றது, மரச்சுவர் வெளுத்து வெடிக்கின்றது. ஆலன் இவற்றைக் கூர்ந்து நோக்கித் தம் எஞ்சின்கள் மீதும், பெட்டிகள் மீதும், கொட்டகைகள் மீதும் அழுக்கையும் துருவையும் முதுமையையும் வண்ணத்தால் ஏற்றினார். அழகிய பொருளை வேண்டுமென்றே பழுதாக்குவானேன் என்று வியந்தவர்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றினர். இம்முறையைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவராக அவர் இன்றும் போற்றப்படுகின்றார். 1940-களிலிருந்தே இக்கலையைப் பற்றிய இதழ்களில் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. 1950-களில் வார்னி என்னும் நிறுவனம் தன் சிறு எஞ்சின்களுக்கான விளம்பரங்களில் அவர் எடுத்த படங்களை வெளியிட்டது. மாண்டெரேயை ஒருநாளும் காணாதவர்களும் அப்படங்களின் வாயிலாக அவருடைய மலைகளை அறிந்தனர்.

பாதை கட்டுபவருக்கு உரிய பெரும் பிணி ஒன்றுண்டு. அது இன்னும் சற்று நீட்ட வேண்டும் என்னும் ஆசை. ஆலனும் அதற்கு விலக்கல்லர். கட்டிலளவு பலகையில் ஓடும் வண்டி புறப்பட்ட சிறிது நேரத்திற்குள் புறப்பட்ட இடத்தையே வந்தடையும். அதற்குப் போகவேண்டிய ஊர் ஒன்றில்லை. ஆகவே அவர் முதலில் அவ்வீட்டிலேயே பாதையை விரித்தார். அதுவும் போதாமையால், 1950-களின் முற்பகுதியில், கீழே பெரிய நிலவறையுள்ள வேறொரு வீட்டைத் தேடிக்கொண்டார். பிறர் வீடு வாங்கும்போது கூடத்தையும் சமையலறையையும் பார்ப்பர். இவரோ நிலவறையைப் பார்த்தார்.

புதிய இடத்தில் ஒரு கேள்வி எழுந்தது. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவதா? பழைய சிறு பலகையை என்ன செய்வது? பழையதை நீக்கிவிடுதலே எளிது. ஏனெனில், பழைய பாதையோடு புதியதை இசைத்தல் கடினமான வேலை. இரண்டு பலகைகளும் சந்திக்கும் இடத்தில் தண்டவாளங்கள் மயிரிழையும் விலகாமல் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். சிறிது பிறழ்ந்தாலும் சக்கரம் தடம் புரளும். சிறு பலகையின் வளைவுகள் குறுகியவை. நீண்ட வண்டிகள் அவற்றில் திரும்ப இயலாது. உயரமும் பொருந்தவேண்டும். புகைவண்டி செங்குத்தாக ஏறாது. 100 அங்குலம் ஓடி 2 அங்குலம் ஏறுவதென்றால், ஆறு அங்குல உயரத்தை எட்டுவதற்கு 25 அடி நீளப் பாதை தேவைப்படும். அந்த 25 அடியை அறையைச் சுற்றியோ, மலையைக் குடைந்தோ, ஒரு பாதையின்மேல் மற்றொன்றைக் கடக்கவிட்டோ தேடிக்கொள்ள வேண்டும். பழைய பலகை ஒன்று நடுவிலே அசையாது கிடந்தால், சுற்றியுள்ள அனைத்தும் அதற்கேற்ப வளையவேண்டியதாகும்.

இத்துணை இடர்ப்பாடும் அறிந்தே ஆலன் அப்பழைய பலகையை நீக்காது காத்தார். கட்டிலளவாயிருந்த முதற் பாதை, நிலவறையை நிறைத்த பெரும்பாதைக்குள் ஓர் உறுப்பாய் அமைந்தது. பெரிய கோயிலின் உள்ளே பழைய சிறு சந்நிதி இருப்பதுபோல அது அங்கே இருந்தது. அதன் தண்டவாளங்கள் புதிய பாதையோடு கூடிவிட்டமையால், தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு இப்பொழுது செல்லுதற்குரிய ஊர்கள் வாய்த்தன. போர்ட் என்னும் துறைமுகம் ஒருபுறம் தோன்றியது. பெருமலைத் தொடரிடையே கிரேட் டிவைடு என்னும் ஊர் அமைந்தது.

இடம் பெரிதாயினும் அது நிலவறைதானே. மலைநாடு முழுவதும் அதனுள் அடங்குமா? இங்கே புகைப்படக் கலைஞரின் கண் துணை செய்தது. அருகிலுள்ள பொருள்களைப் பெரியனவாகவும், தொலைவில் நிற்க வேண்டியவற்றை அளவிற் சிறியனவாகவும் செய்து வைத்தார். சில அடித் தொலைவு பல கல் தொலைவாய்த் தோன்றியது. சில இடங்களில் கண்ணாடிகளை மறைவாக நிறுத்தினார். ஒரு தெரு இரண்டு மடங்காய் நீண்டது. மேசைமேல் மலை வைக்கும் வழக்கத்தை விட்டு, மலைகளைத் தரைவரை இறக்கினார். காண்போர் பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து நோக்கினர். இவை ஒருவகைக் கண்கட்டு வித்தையே. ஆயினும் பாறையின் பிளவையும், மண்ணின் நிறத்தையும் உள்ளபடி அறிந்த ஒருவர் செய்த வித்தையாதலால், எவரும் அதனைப் பொய் என்று எண்ணவில்லை.

அவருடைய விளையாட்டுப் பண்பும் பாதையோடு கூடவே வளர்ந்தது. நிலையத்தில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி ஒழுங்குசெய்வதற்கு எஞ்சின் வேண்டும். ஆலனின் பாதையில் அவ்வேலையைச் செய்ய, என்றோ மாய்ந்துபோன ஸ்டெகோசாரஸ் என்னும் பெருவிலங்கின் உருவம் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் எம்மா; எண் 13. துருவையும் கறையையும் அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டியவர், அவற்றின் நடுவே இத்தகைய விலங்கை நிறுத்தியது முரணாகத் தோன்றலாம். ஆனால் வந்தவர்கள் அதனைக் கண்டு சிரித்தனர். பிறகு மீண்டும் மலைகளையே பார்த்து மயங்கினர்.

இவ்வளவு பெரிய பாதையை ஒருவர் தனியே இயக்க முடியாது. ஆதலால் நண்பர்கள் அவர் வீட்டில் கூடினர். உண்மை இருப்புப்பாதையில் எவ்வாறு சரக்கு ஏற்றியிறக்கப்படுகின்றதோ, ஒரு வண்டிக்காக மற்றொன்று எவ்வாறு காத்து நிற்கின்றதோ, அவ்வாறே அவர்கள் ஒழுங்கோடு வண்டிகளைச் செலுத்தினர். பெட்டிகளைக் குறைந்த நேரத்தில் உரிய இடங்களிற் சேர்க்கும் புதிர் விளையாட்டு ஒன்றையும் ஆலன் அமைத்தார். டைம்சேவர் என்னும் பெயருடைய அவ்விளையாட்டு இன்றும் பல நாடுகளில் ஆடப்படுகின்றது.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்நிலவறையில் வேலை நடந்தது. ஒருபுறம் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, மற்றொரு புறம் மலைகள் வளர்ந்துகொண்டிருந்தன. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மாரடைப்பால் ஆலன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 59.

துயரம் அதனோடு நிற்கவில்லை. அவர் மறைந்த பத்தாம் நாள் அவ்வீட்டில் தற்செயலாகத் தீப்பற்றியது. மரச்சட்டங்களும், காய்ந்த வண்ணங்களும், சிறு மரங்களும், மரப்பாலங்களும் நெருப்புக்கு இரையாயின. பாதையின் பெரும்பகுதி அழிந்தது. இரண்டு முறை விரிவடைந்தும் கைவிடப்படாத ஒரு படைப்பு, தன்னைப் படைத்தவருக்குப்பின் பத்து நாள்களே இருந்தது.

எஞ்சியவை அவர் எடுத்த படங்கள். லின் வெஸ்ட்காட் என்னும் இதழாசிரியர் அப்படங்களையும் செய்திகளையும் திரட்டி ஒரு நூல் எழுதினார். நூல் அச்சாகி வருமுன் அவரும் காலமானார். 1981-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. பலகையொன்றை மேசைமேல் வைத்துத் தண்டவாளத்தின் முதல் துண்டை ஆணியால் பொருத்துவோர் பலர் இன்றும் அந்நூலைத் திறந்து பார்க்கின்றனர். அதன் பக்கங்களில் கரி படிந்த எஞ்சின்கள் உயர்ந்த பாலங்களின்மேல் நிற்கின்றன; மலைச்சரிவில் மாலை வெயில் சாய்ந்து விழுகின்றது.