எழுபது ஆண்டுகள் உளியுடன் வாழ்ந்த ஸ்ராடிவாரி

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூயோர்க் நகரில் நடைபெற்ற ஏலமொன்றில் ஒரு வயலின் ஒரு கோடியே பத்து இலட்சம் டொலருக்கும் அதிகமான விலைக்கு விற்பனையானது. அரைக் கிலோ எடை கூட இல்லாத அந்த மரக்கருவி 1714 ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு நிதி திரட்டும் பொருட்டு ஓர் இசைக் கல்லூரி அதனை விற்றது. அதனைச் செய்தவர் மன்னரோ பிரபுவோ அல்லர். வட இத்தாலியின் சிறு நகரான கிரெமோனாவில், கூலிக்குக் கருவி செய்து கொடுத்த ஒரு தொழிலாளி. அன்ரோனியோ ஸ்ராடிவாரி என்ற அந்த மனிதரின் பெயர் இன்று உலகெங்கும் அறியப்பட்டிருப்பினும், அவர் வாழ்ந்த வாழ்வு பெரிதும் பேசப்படுவதில்லை. அவருடைய இரகசியம் பற்றிய கதைகளே பேசப்படுகின்றன.

வில்லினால் இழைத்து வாசிக்கும் நரம்புக் கருவிகளின் வரலாறு இத்தாலியில் தொடங்கியதன்று. அரேபியரின் ரபாப் என்ற கருவியே ஸ்பெயின் வழியாகவும் சிசிலி வழியாகவும் ஐரோப்பாவை அடைந்து, பல மாற்றங்களுக்கு உட்பட்டுப் பின்னாளைய வில்லிசைக் கருவிகளுக்கு முன்னோடியாயிற்று என்பது இசை வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கருத்தாகும். பதினாறாம் நூற்றாண்டில் அந்த வளர்ச்சி வயலின் என்ற வடிவத்தை எய்தியபோது, அதற்குச் செம்மையான அளவுகளை வகுத்தவர்களுள் முதன்மையானவர் கிரெமோனாவின் அந்திரேயா அமாதி ஆவார்.

அமாதி குடும்பத்தார் தமது தொழிலறிவை வெளியாருக்குக் கற்பிக்கும் வழக்கம் இருக்கவில்லை. 1630 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் அந்த வழக்கத்தைத் தகர்த்தது. அந்திரேயாவின் மகன் ஜிரோலாமோ அந்நோய்க்குப் பலியாக, அவருடைய மகன் நிக்கொலோ அமாதி அந்த நகரில் இத்தொழிலைக் காக்கும் தனியொருவராக எஞ்சினார். எனவே அவர் குடும்பத்துக்கு வெளியேயிருந்தும் மாணவரைச் சேர்த்துக்கொண்டார். அந்திரேயா குவார்னேரி அவ்வாறு வந்தவர். ஸ்ராடிவாரியும் அவ்வாறு வந்தவரே என்று நீண்டகாலமாகக் கருதப்பட்டு வருகிறது.

ஸ்ராடிவாரியின் பிறப்புப் பதிவு எங்கும் கிடைக்கவில்லை. முதுமையில் தமது கருவிகளின் உள்ளே ஒட்டிய சீட்டுகளில் தம் வயதையும் அவர் எழுதிவைத்தமையால், 1644 ஆம் ஆண்டளவில் பிறந்திருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. 1666 ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒரு சீட்டு அவரை நிக்கொலோ அமாதியின் மாணவர் என்கிறது. எனினும், பின்வந்த சீட்டுகளில் குருவின் பெயர் இல்லை. மணமான பின்னர் அவர் குடியிருந்த வீடு மரச்சிற்பியும் இழைப்பு வேலைக்காரருமான ஒருவருக்குச் சொந்தமானது. ஆகவே அவர் முதலில் மரச்சிற்ப வேலையே கற்றவர் என்போரும் உளர். 1679 இல் அவர் செய்த ‘ஹெலியர்’ வயலினின் நுண்ணிய அலங்கார வேலையைப் பார்க்கும்போது இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

1667 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் பிரான்செஸ்கா என்ற இளம் விதவையை மணந்தார். அப்பெண்ணின் முதற் கணவர் அவளுடைய உடன்பிறந்த சகோதரனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அத்தகைய துயரத்தைத் தாங்கி வந்த அவருடன் ஸ்ராடிவாரி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1680 இல் சான் டொமினிக்கோ தேவாலயத்துக்கு எதிரே மூன்று மாடி வீடொன்றை வாங்கினார். கீழ்த்தளத்தில் பட்டறையும் மேல்தளங்களில் குடியிருப்பும் இருந்தன. உச்சியில் காற்றும் வெயிலும் புகும் திறந்த மேல்மாடம் இருந்தது. வார்னிஷ் பூசிய கருவிகள் அங்கேதான் தொங்கவிடப்பட்டன. 1698 இல் பிரான்செஸ்கா இறந்தபோது நகரம் பேசும்படியான இறுதிச் சடங்கை அவர் நடத்தினார். மறு ஆண்டே அன்ரோனியா சாம்பெல்லியை மணந்து, மேலும் ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

இனி அவருடைய வேலைமுறையைப் பார்ப்போம். கருவியின் மேற்பலகைக்கு அவர் பயன்படுத்தியது ஆல்ப்ஸ் மலைச்சரிவில் குளிரில் மெதுவாக வளரும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். பின்பலகை, பக்கங்கள், கழுத்து ஆகியவை மேப்பிள் மரத்தாலானவை. இதில் சிறந்த தரமானது பொஸ்னியா முதலிய போல்கன் பிரதேசங்களிலிருந்து வெனிஸ் வணிகரின் வழியாக வந்தது. பக்கப் பட்டிகளை நீரில் நனைத்துச் சூடேற்றி வளைத்து, மரத்தாலான உள்ளச்சு ஒன்றைச் சுற்றிப் பொருத்துவார். பின்னர் மேற்பலகையையும் பின்பலகையையும் உளியால் குடைந்து, பெருவிரல் அளவேயான சீவுளிகளால் சீவி, ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் தடிப்புக்குக் கொண்டுவருவார். எல்லாம் வச்சிரப் பசையால் ஒட்டப்படும். ஆணியோ திருகோ உடலைப் பிணைப்பதில்லை. விளிம்பைச் சுற்றி மூன்று மெல்லிய மரநாரிழைகள் பதிக்கப்படும். அது அழகுக்கு மாத்திரமன்று, விளிம்பில் விழும் வெடிப்பு உள்ளே பரவாமல் தடுப்பதற்குமாகும்.

அடுத்தது வார்னிஷ். இதில் அவர் எவ்வளவு பொறுமை காட்டினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய 1708 ஆம் ஆண்டுக் கடிதமொன்று சான்றாக உள்ளது. பழுதுபார்க்கக் கொடுத்த வயலினைத் திருப்பி அனுப்பத் தாமதமானதற்கு வார்னிஷையும் வெயிலையும் காரணங்காட்டி அதில் அவர் மன்னிப்புக் கேட்கிறார். அந்த வார்னிஷின் கலவை அவருடன் மண்ணுக்குள் போய்விட்டது என்ற கதை இருநூறு ஆண்டுகளாக உலவியது. 2009 ஆம் ஆண்டில் பாரிஸில் ஐந்து கருவிகளை ஆராய்ந்த அறிஞர்கள் வேறு கண்டனர். அடியில் மரத்துக்குள் ஊறிய எண்ணெய்ப் பூச்சு. அதன்மேல் எண்ணெயும் பைன் பிசினும் கலந்த பூச்சு. அதில் இரும்பு ஒக்சைட்டு, இந்திரகோபப் பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயம் போன்ற நிறப்பொருட்கள். இவையெல்லாம் அக்கால ஓவியர்களின் கடைகளில் எளிதாகக் கிடைத்தவையே. 2022 இல் வெளியான ஆய்வொன்று இரண்டு கருவிகளில் மரத்துக்கும் வார்னிஷுக்கும் இடையே புரதப் பூச்சொன்றையும் கண்டறிந்தது. மரத்தைக் கனிம உப்புகளால் பதப்படுத்தியிருந்தனர் என்ற கருத்துக்கும் இரசாயன ஆய்வுகளின் ஆதரவு உண்டு. ஆய்வுகள் தொடர்கின்றன. ஆயினும், ஒரு கலவையின் இரகசியத்தால்தான் அவர் பெரியவரானார் என்று சொல்வது அவருடைய எழுபது ஆண்டு உழைப்புக்கு இழைக்கும் அநீதி என்றே இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், அவர் ஓரிடத்தில் நின்றவரல்லர். ஆரம்பத்தில் அமாதியின் அளவுகளையே தழுவினார். 1690 களில் உடலை நீட்டிப் புதியதொரு வடிவத்தைச் சோதித்தார். பத்தாண்டு சோதனைக்குப் பின் அதைக் கைவிட்டு, 1700 க்குப் பிறகு வளைவைத் தாழ்த்தி, அகலத்தைக் கூட்டி, இன்றுவரை உலகம் பின்பற்றும் அமைப்பை அடைந்தார். அவருக்கு வயது அறுபதைக் கடந்தபோது செலோவையும் சிறிதாக்கினார். அதுவே பின்னர் பொது அளவாயிற்று. அவர் செய்த வயோலாக்களில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு டசின் அளவே. 1690 இல் பிளோரன்ஸின் மெடிச்சி இளவரசருக்குச் செய்த கருவித் தொகுதியிலுள்ள பெரிய வயோலா இன்றும் அந்நகரில் ஏறக்குறைய மாற்றமின்றி இருக்கிறது. மற்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றின் கழுத்துகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய மண்டபங்களின் தேவைக்காக மாற்றப்பட்டன. எனவே, இன்று நாம் வியந்து கேட்கும் நாதம் ஸ்ராடிவாரியின் செவி கேட்ட அதே நாதமன்று என்பதை மறந்துவிடலாகாது.

1715 இல் போலந்து மன்னரின் இசைத் தலைவர் பன்னிரண்டு வயலின்களைப் பெறுவதற்காகக் கிரெமோனாவுக்கு வந்து மாதக்கணக்கில் காத்திருந்தார். செல்வம் பெருகியது. ஒருவரின் செல்வத்துக்கு ஸ்ராடிவாரியை உவமை காட்டும் வழக்கும் அந்நகரில் உண்டாயிற்று. ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. மூத்த மனைவியின் புதல்வர்களான பிரான்செஸ்கோவும் ஒமோபோனோவும் ஆயுள் முழுவதும் தந்தையின் பட்டறையிலேயே உழைத்தனர். அவர்களுடைய பெயர் தாங்கிய கருவிகள் மிகச் சில. இளமையில் ஒமோபோனோ நேபிள்ஸுக்குச் சென்று செலவழித்த பணத்தை, முப்பது ஆண்டுகள் கழிந்தும் மறக்காமல், 1729 இல் எழுதிய மரண சாசனத்தில் தந்தை கணக்கில் வைத்தார். பட்டறையின் உரிமையைப் பிரான்செஸ்கோவுக்கே கொடுத்தார். கையில் உளியை இறுதிவரை விடாத தந்தையின் நிழலில் பிள்ளைகள் கிழவர்களானார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

தொண்ணூற்றிரண்டு வயதில் செய்ததாக அவர் சீட்டு எழுதிய வயலின்கள் உள. 1737 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆம் திகதி அவர் காலமானார். ஒமோபோனோ 1742 இலும், பிரான்செஸ்கோ 1743 இலும் இறந்தனர். குவார்னேரி குடும்பத்தின் மாபெரும் கலைஞரான ஜுசெப்பே 1744 இலும், ஸ்ராடிவாரியின் பட்டறையோடு தொடர்புடைய கார்லோ பேர்கோன்சி 1747 இலும் மறைந்தனர். பத்தே ஆண்டுகளில் கிரெமோனாவின் பொற்காலம் முடிந்தது. இரகசியத்தை எவரும் ஒளித்துவைக்கவில்லை; கற்றுக்கொள்ள வேண்டிய கைகள்தாம் இல்லாமற் போயின.

இரண்டாம் மனைவியின் மகனான பவ்லோ துணி வியாபாரி. எஞ்சிய அச்சுகளையும் கருவிகளையும் அவர் 1775 அளவில் கோசியோ என்ற பிரபுவுக்கு விற்றார். அவை கிரெமோனாவில் இருக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயம் இடிக்கப்பட்டபோது ஸ்ராடிவாரியின் எலும்புகள் ஏனையோருடையவற்றுடன் கலந்து அடையாளமற்றுப் போயின. பின்னர் அவருடைய வீடும் இடிக்கப்பட்டது. அவர் செய்ததாக மதிப்பிடப்படும் ஆயிரத்து நூறு கருவிகளுள் ஏறத்தாழ அறுநூற்றைம்பது மாத்திரமே எஞ்சியுள்ளன.

பவ்லோ விற்ற அச்சுகளையும் உளிகளையும் 1920 இல் விலைக்கு வாங்கிய ஜுசெப்பே பியோரினி என்ற வயலின் தச்சர், 1930 இல் அவற்றைக் கிரெமோனா நகருக்கே இலவசமாக வழங்கினார். அவை இப்போது அங்குள்ள வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த அருங்காட்சியகத்தில் 2019 ஆம் ஆண்டு ஜனவரியில் பழைய கருவிகளின் ஒலியைப் பதிவு செய்யும் பணி தொடங்கியபோது, சுற்றிலுமுள்ள கல்வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டன. ஓசை எழுப்ப வேண்டாம் என நகர மேயர் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஐந்து வாரங்கள் அந்த நகரம் தன் குரலைத் தாழ்த்திப் பேசியது.